பேரனை வளர்க்கும் அத்தையிடம் எதைச் சொல்வது, எதை விடுவது?

திருப்பூரிலிருந்து வந்திருக்கும் கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

எழுதியவருக்கு வயது 31. பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். 26 வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி நாலு மாதம் ஆகிறது. 10 மாதப் பையனைக் காலை எட்டரையிலிருந்து மாலை ஏழே கால் வரை, வாரத்தில் ஆறு நாளும் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். மாமியாருக்கு 63 வயது, சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு.

"பையன் செல்போனைப் பார்த்தால்தான் வாயைத் திறக்கிறான். உப்பும் சர்க்கரையும் வேண்டாம் என்றால், 'சப்புன்னு இருந்தா எப்படித் திங்கும்' என்கிறார். குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடுகிறார். கண்ணில் மை, கையில் வசம்பு வளையல். இருமினால் தேன் கொடுக்கிறார். காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்கிற சிரப்பை ஊற்றிவிட்டு, நான் வந்த பிறகுதான் சொல்கிறார். 'எலும்பும் தோலுமா இருக்கான்' என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்பல். போன வாரம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பையன் வாயில் பொட்டுக்கடலை. 'இனிமே நீங்க பாத்துக்கவே வேண்டாம்' என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. கோபியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகப் போவதாகச் சொல்கிறார். என் கணவர், 'எங்க மூணு பேரையும் இப்படித்தானே வளர்த்தாங்க, நீ மன்னிப்புக் கேட்டுரு' என்கிறார்."

கேட்டிருப்பது நான்கு: நான் கத்தியது தவறா? பையனைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்துவிடலாமா? அத்தைக்குத் தெரியாமல் கேமரா வைக்கலாமா? மாலையில் நான் கை நீட்டினால் பையன் அவர் தோளிலேயே ஒட்டிக்கொள்கிறானே, என்னை மறந்துவிடுவானா?

அன்புள்ள சகோதரி,

எடையிலிருந்து தொடங்குகிறேன். பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 8.4 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். பிறந்த எடை ஒரு வயதில் மூன்று மடங்காக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் பையன் அதை 10 மாதத்திலேயே தொட்டுவிட்டான். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டையில் 10 மாத ஆண் குழந்தையின் நடு அளவு 9.2 கிலோ, 7.4 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு. அவன் ஒல்லியான வாகு, அவ்வளவுதான்.

இதை முதலில் சொல்லக் காரணம், உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி இந்த எடைக் கவலையிலிருந்துதான் வருகிறது. மதியம் ஒரு மணிக்கு ஆபீஸிலிருந்து போன் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். செய்தவுடன் என்ன கேட்பீர்கள்? "சாப்பிட்டானா அத்தை? எவ்வளவு சாப்பிட்டான்?" என்றுதானே? தினமும் அதே கேள்வி வந்தால், கிண்ணம் காலியாவதுதான் அவருடைய வேலைக்கு அளவுகோல் ஆகிவிடும். கிண்ணத்தைச் சீக்கிரம் காலி செய்ய அவருக்குக் கிடைத்த வழி செல்போன். குழந்தை திரையைப் பார்த்தபடி வாயைத் திறக்கும். பசி தீர்ந்ததும் அதற்குத் தெரியாது. நீங்கள் வரும்போது கன்னத்துக்குள் சோற்றை அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். இரண்டு வயது வரை வீடியோ காலில் உறவினரோடு எப்போதாவது பேசுவதைத் தவிர வேறு எந்தத் திரையும் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்.

ஆனால், "போனைக் காட்டாதீங்க" என்று மட்டும் சொன்னால் அது நிற்காது. முதலில் கேள்வியை மாற்றுங்கள். "இன்னைக்கு என்ன பண்ணான்? எத்தனை மணி நேரம் தூங்குனான்?" என்று கேளுங்கள். சாப்பாட்டுக்கு ஓர் அளவு சொல்லிவிடுங்கள்: இந்த வயதில் தாய்ப்பாலோடு சேர்த்து, ஒரு வேளைக்கு 250 மி.லி. கிண்ணத்தில் பாதி, நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை, நடுவில் ஒன்றிரண்டு சிறு தீனி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம்தான். அதற்குள் சாப்பிடவில்லையென்றால் எடுத்து வைத்துவிடலாம், அடுத்த வேளையில் ஈடுகட்டிக்கொள்வான். போனை நிறுத்திய முதல் ஒரு வாரம் சாப்பாடு நிச்சயம் குறையும். இதை அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள், "பாத்தியா, பட்டினியாக் கெடக்குறான்" என்று போன் திரும்ப வந்துவிடும். உட்கார வைக்க ஒரு நாற்காலி, அவன் கையில் பிடித்துக்கொள்ள வேகவைத்த கேரட் துண்டு. விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், அந்தப் பதம்.

இவற்றில் பேரம் இல்லை

கடிதத்தில் ஏழெட்டுக் குறைகளை ஒரே கோபத்தில் அடுக்கியிருக்கிறீர்கள். எல்லாமே ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் சண்டை போட்டால், உயிருக்கு ஆபத்தானதும் உங்கள் பிடிவாதமாகவே அவர் காதில் விழும்.

பொட்டுக்கடலைக்கு நீங்கள் பயந்தது சரி. 10 மாதத்தில் முன்பற்கள்தான் இருக்கும். அரைக்கும் கடைவாய்ப் பற்கள் ஒரு வயதுக்குப் பிறகுதான் வரும். அந்த வயதுக் குழந்தையின் மூச்சுக்குழல் சுண்டுவிரலைவிட மெல்லியது. பொட்டுக்கடலை, நிலக்கடலை, முழு திராட்சை, தேங்காய்ச் சில்லு ஆகியவற்றை ஐந்து வயது வரை முழுசாகக் கொடுக்கவே கூடாது. அடைத்துக்கொண்டால் உடனே தெரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். சிறு துண்டு உள்ளே இறங்கி, பெரும்பாலும் வலது நுரையீரல் பக்கம் தங்கி, வாரக்கணக்கில் "சளி, இளைப்பு" என்று போக்குக் காட்டும். கடைசியில் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதே பொட்டுக்கடலையை மாவாகத் திரித்துக் கஞ்சியில் கலந்து தாராளமாகக் கொடுக்கலாம். அத்தையிடம் இப்படிச் சொன்னால், கூடாது என்பதோடு எப்படிக் கொடுக்கலாம் என்பதும் சேர்ந்து போகும்.

வீட்டில் மூன்று பேருமே கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால், தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் மேல் ஐந்து முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யும்போதே இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக் கூடாது. அது இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

மூக்கில் எண்ணெய் விடுவது அடுத்தது. எண்ணெய் மூச்சுக்குழல் வழியாக நுரையீரலுக்குள் இறங்கினால் இருமலைக்கூடத் தூண்டாமல் அங்கேயே தங்கி நிமோனியாவை உண்டாக்கும். சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அது கேட்காது. காதிலும் விட வேண்டாம். மூக்கு அடைத்திருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

வசம்பு வளையலைக் கழற்றிவிடுங்கள். பல் முளைக்கிற குழந்தைக்குக் கையில் இருப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். வசம்பு உள்ளே போனால் வாந்தியும் மயக்கமும் வரலாம், உடைந்த துண்டு தொண்டையில் அடைக்கவும் செய்யும். தேன் ஒரு வயது முடியும் வரை ஒரு சொட்டுக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்; உடல் துவண்டு, மூச்சே நின்றுவிடலாம். கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாகாது, மலைத்தேன் என்றாலும் கதை அதுதான். கண்ணுக்குள் மை வேண்டாம். பல மைகளில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிக்கு வேண்டுமானால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைக்கட்டும்.

மருந்து விஷயத்தில்தான் எனக்கு மிகவும் கவலை. பாராசிட்டமால் மூன்று விதமான அடர்த்தியில் வருகிறது, பாட்டில்கள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். 8.4 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஏறக்குறைய 125 மி.கி. 5 மி.லி.-யில் 125 மி.கி. என்று எழுதியிருக்கும் சிரப்பில் அது 5 மி.லி.; 250 மி.கி. சிரப்பில் 2.5 மி.லி.; 1 மி.லி.-யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.25 மி.லி. சொட்டு மருந்தை எடுத்து, "அஞ்சு மில்லிதானே" என்று ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். ஆகவே வீட்டில் ஒரே ஒரு பாட்டில் மட்டும் இருக்கட்டும். அதோடு வரும் அளவுக் குப்பியில் உங்கள் மருத்துவர் சொன்ன அளவுக்கு நெயில் பாலிஷால் கோடு போடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரம். எடை கூடும்போது கோடும் மாற வேண்டும். இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப்பே கூடாது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும் மருத்துவர்களுக்கு இதையே அறிவுறுத்தியது. பழைய பாட்டில்களை இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள்.

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை சேர்க்காமல் இருப்பது நல்லது. ஆனால் ஒரு நாள் ரசம் சாதத்தில் உப்பு விழுந்துவிட்டால் அதற்காக வீடு அதிர வேண்டியதில்லை. பசும்பாலை மட்டும் ஒரு வயது வரை தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்க வேண்டாம். இரும்புச் சத்து குறைந்து ரத்தசோகை வரும். நீங்கள் எடுத்து வைத்துவிட்டுப் போகும் பால் வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். அவன் வாய் வைத்துக் குடித்த மிச்சத்தைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. சிக்கனமாக வாழ்ந்த தலைமுறைக்குத் தாய்ப்பாலைக் கீழே கொட்ட மனசே வராது. அதனால் 60 மி.லி. வீதம் சின்னச் சின்னப் பாத்திரங்களில் எடுத்து வையுங்கள்.

விட்டுவிட வேண்டியவை

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது (மூக்கு, காது, கண்ணை விட்டுவிட்டு), அரைஞாண், கன்னத்துப் பொட்டு, எந்தச் சட்டை போடுவது, தாலாட்டு, தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைப்பது, அவர் வைத்த செல்லப்பெயர் இவற்றில் எல்லாம் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். தூளியும் இருக்கட்டும். ஆனால் பையன் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டால், தூளி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கீழே பாய் விரித்திருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். வாக்கர் வாங்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். அதனால் நடை சீக்கிரம் வராது, படியில் உருளும் விபத்துதான் வரும். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

யார் சொல்வது, எப்படிச் சொல்வது

கத்தியது தவறா என்று கேட்டிருந்தீர்கள். பயந்தது சரி, "பாத்துக்கவே வேண்டாம்" என்றது தவறு. மன்னிப்பை அதற்கு மட்டும் கேளுங்கள். "அத்தை, அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க. பயத்துல கத்திட்டேன். நீங்க இல்லேன்னா நான் வேலைக்கே போயிருக்க முடியாது. ஆனா கடலை சமாச்சாரத்துல எனக்கு இன்னும் பயமாத்தாங்க இருக்கு." இதற்கு மேல் அன்றைக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம். மன்னிப்போடு சேர்த்துப் பட்டியலையும் நீட்டினால் மன்னிப்பு காணாமல் போய்விடும்.

பட்டியலைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். மகன் சொன்னால் அது வீட்டு முடிவு. மருமகள் சொன்னால் அதிகாரம். நியாயமோ இல்லையோ, நம் வீடுகளில் அப்படித்தான் கேட்கும். அவர், "மனைவி சொல்றா" என்று தொடங்கினால் காரியம் கெட்டது. "அம்மா, நானும் அவளும் முடிவு பண்ணியிருக்கோம்" என்று தொடங்கட்டும். முதல் வாரம் பொட்டுக்கடலையும் மருந்தும் மட்டும். மூக்கு எண்ணெய், வசம்பு, தேன் அடுத்த வாரம்; அதுவரை குளியலறையில் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பதில் உப்புநீர்ச் சொட்டு இருக்கட்டும், தேன் பாட்டில் மேல் அலமாரிக்குப் போகட்டும், வளையலை உங்கள் கணவரே கழற்றட்டும். செல்போன் அதற்குப் பிறகு.

"இப்படித்தானே வளர்த்தாங்க" என்கிற அவருக்கு ஒரு கணக்கு. 1990-இல் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் 80 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. 2020-இல் அது 28, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் சுத்தமான தண்ணீரும் சேர்ந்து குறைத்த எண்ணிக்கை இது. அப்போது பிழைத்தவர்கள்தான் இன்று, "நாங்க நல்லாத்தானே இருக்கோம்" என்று சொல்ல இருக்கிறார்கள். இதைக் கணவரிடம் சொல்லுங்கள், அத்தையிடம் சொல்லாதீர்கள். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவரிடம் இதைச் சொன்னால் அவர் வளர்ப்பையே குறை சொன்னதாகத்தான் ஆகும்.

அத்தைக்கும் ஒரு எல்லைக்கோடு வேண்டும்

உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எட்டரையிலிருந்து ஏழே கால் வரை, ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 64 மணி நேரத்துக்கு மேல். தொழிற்சாலைத் தொழிலாளிக்கே சட்டம் 48 மணி நேரம்தான் வைத்திருக்கிறது. மூட்டுவலியோடு எட்டரை கிலோவைத் தூக்கிக்கொண்டு, சர்க்கரை மாத்திரைக்கு நேரத்தில் சாப்பிடவும் முடியாமல் ஒருவர் இருந்தால், செல்போன் அவருக்குக் கிடைக்கும் அரைமணி நேர ஓய்வும்கூட. அவர் உங்களை எதிர்த்துக் காட்டுவதாக நினைப்பதை விட்டுவிடுங்கள்.

சம்பளம் என்று நீட்டினால் அவமானமாக எடுத்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மைதான். அந்தப் பணத்தில் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பாத்திரம், துணி, வீடு துடைக்க ஓர் ஆள் வையுங்கள். குழந்தையைத் தவிர வேறு எந்த வேலையும் அத்தை மேல் விழக் கூடாது. மாதாமாதம் அவருடைய வங்கிக் கணக்கில் மகன் ஒரு தொகை போடட்டும், எதற்கு என்று பெயர் வைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கு விடுமுறை. அன்றைக்குக் குழந்தை உங்கள் இருவர் பொறுப்பு. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு கோபிக்குப் போய்வரட்டும். சனிக்கிழமைக்கு உங்களில் ஒருவர் லீவு போடுங்கள். கோபித்துக்கொண்டு போகிற பயணம் வழக்கமான பயணமாகிவிட்டால் அதில் இருக்கிற மிரட்டலும் போய்விடும். மாலையில் தாமதமானால் ஆறு மணிக்குள் போன் செய்து சொல்லுங்கள்.

காப்பகம், கேமரா, பையன்

காப்பகம் நல்ல ஏற்பாடுதான். தண்டனையாக மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்த்தால் காப்பக வசதி செய்துதர வேண்டியது சட்டக் கடமை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கவும் அனுமதி உண்டு. மனிதவளத் துறையில் எழுத்துமூலம் கேளுங்கள். 15 மாதம் வரை நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளையும் உங்கள் உரிமை. பால் எடுத்து வைக்கவும் அந்த நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். சேர்த்தால் முதல் ஆறு மாதம் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும், காய்ச்சல் குழந்தையைக் காப்பகத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அன்றைக்கு மறுபடி அத்தைதான் வேண்டும். உறவை முறித்துக்கொண்டு காப்பகம் போனால் இந்த நாட்களுக்கு ஆள் இருக்காது. மதியம் வரை காப்பகம், அதன்பின் அத்தை என்ற பாதி ஏற்பாடு ஒன்றரை வயதுக்கு மேல் பல வீடுகளுக்கு ஒத்துவருகிறது.

ரகசியக் கேமரா வேண்டவே வேண்டாம். அது ஒரு நாள் தெரியவரும், அதன்பின் பேச்சுக்கே இடமிருக்காது. வைப்பதென்றால் ஹாலில், அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.

மறந்துவிடுவானோ என்ற பயத்தை விடுங்கள். குழந்தை ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேரோடு ஒட்டிக்கொள்ளும். ஒருவருக்குக் கொடுப்பதால் இன்னொருவருக்குக் குறையாது. எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை பிரிவுப் பயம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் யார் தோளில் இருக்கிறானோ அங்கிருந்து இறங்க மறுப்பான். பகலெல்லாம் பத்திரமாக உணர்ந்திருக்கிறான் என்பதற்கு அது அடையாளம். வந்ததும் பிடுங்கித் தூக்காதீர்கள். கை கழுவிவிட்டுத் தரையில் அத்தை பக்கத்தில் உட்காருங்கள், அவனே தவழ்ந்து வரட்டும். பத்து நிமிடம் கழித்து அத்தை எழுந்து போகட்டும். இரவுப் பாலும் தூங்க வைப்பதும் உங்களுடையது.

ஒரு வயதுத் தடுப்பூசிக்குப் போகும்போது அத்தையையும் அழைத்துப் போங்கள். "நீங்களே சொல்லித் திட்டுங்க டாக்டர்" என்று முன்கூட்டியே போன் செய்து வைக்காதீர்கள். அவர் முன்னால் அவரைக் குறை சொல்லவும் வேண்டாம். பகலில் குழந்தையைப் பார்ப்பவர் அவர் என்று மருத்துவரிடம் அறிமுகப்படுத்திவிட்டு, பேச்சை அவரிடமே விட்டுவிடுங்கள். எடையைப் பற்றி அவரே கேட்பார். வளர்ச்சி அட்டையில் பையன் எந்தக் கோட்டில் இருக்கிறான் என்பதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். வீட்டில் வைத்துக்கொண்ட அந்த ஒரு பாட்டிலையும் அளவுக் குப்பியையும் மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புதிய எடைக்கு எந்தக் கோடு என்று மருத்துவர் அவரிடமே காட்டிக்கொடுப்பார்.